நிலவில் கண்ட கறை

பெருஞ்செயல்களைத் தொடங்கியோர் பெயரினும் அவற்றை முடித்தோர் பெயரே மக்கள் நினைவில் நிற்பது உலகியற்கை. விதைத்தவர் மறைய, அறுத்தவர் புகழ் பெறுவர். கத்தோலிக்கர் உலகெங்கும் கொண்டாடும் தேவநற்கருணைத் திருநாளின் வரலாறும் அத்தகையதே. அதனை விதைத்தவர் லியேழ் நகரத்து அர்ச். ஜூலியானா அம்மையார்.

லியேழ், இன்றைய பெல்ஜிய நாட்டிலுள்ளது. 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதன் அருகே ஜூலியானா பிறந்தார். ஐந்து வயதிலேயே பெற்றோரை இழந்தார். அவரும் உடன்பிறந்தவரான ஆக்னசும் மோன் கொர்னியோன் என்னும் இடத்துக் கன்னியர் மடத்தில் வளர்ந்தனர். அங்கே தொழுநோயாளர்க்கென ஓர் இல்லமும் இருந்தது. இலத்தீன் நூல்களைக் கற்றுத் தேர்ந்த ஜூலியானா, உரிய பருவத்தில் தாமும் கன்னியருள் ஒருவரானார்.

பதினாறாம் வயதில் அவர் ஒரு காட்சி கண்டார். முழுமதி ஒளிவீசித் திகழ்ந்தது. ஆயினும் அதன் குறுக்கே ஒரு கறுத்த கோடு ஓடிற்று. இக்காட்சி பன்முறை தோன்றிற்று. திங்கள் திருச்சபையெனவும், கறை அதற்கு இல்லாத ஒரு விழாவெனவும் அவர் பொருள் உணர்ந்தார். இயேசு பெருமான் இறுதி இராவுணவில் அப்பமும் இரசமுமாகத் தம்மையே அளித்தார் என்பது கத்தோலிக்கர் நம்பிக்கை. அதனை நினைவுகூரும் பெரிய வியாழன் பாடுகளின் துயரத்தில் தோய்ந்த நாள். ஆதலின், அக்கொடையை மகிழ்ந்து போற்றத் தனித் திருநாள் ஒன்று வேண்டுமென்பதே அம்மையார் கருத்து.

இதனை அவர் உடனே வெளியிட்டாரல்லர். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தம் நெஞ்சிலேயே காத்தார். பின்னரே, புனித மார்த்தீனார் கோயிலையடுத்துத் தனித்துறைந்து தவம் புரிந்த ஏவா என்னும் தோழியிடமும், இசபெல்லா என்னும் கன்னியிடமும் கூறினார். செய்தி கற்றறிந்த குருமாரிடம் சென்றது. அவருள் ஒருவர், அந்நாளில் லியேழ் நகரில் உயர்பதவி வகித்த ழாக் பந்தலெயோன் என்னும் குரு. அவர் பெயரை நாம் மனத்திற்கொள்ளல் வேண்டும்.

1246-இல் ராபர்ட் மேற்றிராணியார் தம் மறைமாவட்டத்தில் இத்திருநாளை ஏற்படுத்தினார். ஆனால் அது கொண்டாடப்படுவதைக் காணாமலே அவ்வாண்டு இறந்தார். காத்துநின்ற கை மறைந்தது. குருமார் சிலரும், மடத்தின் மேலதிகாரியும் அம்மையாரைக் கடுமையாக எதிர்த்தனர். 1248-இல் அவர் தோழியர் சிலருடன் மடத்தைவிட்டு வெளியேறினார். அதன்பின் பத்தாண்டுகள் பிறர் மடங்களில் விருந்தினராகவே வாழ்ந்தார். தம்மை எதிர்த்தோரைப் பழித்து ஒரு சொல்லும் கூறாமல், நற்கருணை வழிபாட்டையே பரப்பிவந்தார். 1258-இல் ஃபோஸ் என்னும் ஊரில், தேவநற்கருணையைக் கண்ணாரக் கண்டவண்ணமே உயிர்நீத்தார். வளர்ந்த மடத்திற்கு அவர் மீளவேயில்லை.

ஆயினும் விதை பட்டுப்போகவில்லை. 1261-இல் ழாக் பந்தலெயோன், நான்காம் ஊர்பன் என்னும் பெயருடன் பாப்பரசரானார். 1264 ஆகஸ்டு 11-இல் தேவநற்கருணைத் திருநாளைத் திருச்சபை முழுமைக்கும் உரியதாக்கினார். அதற்கான வழிபாட்டுப் பாடல்களை இயற்றியவர் அக்குவினா தோமையார் என்பர். அப்போதும் உயிருடனிருந்த முதிய ஏவாவுக்குப் பாப்பரசரே மடல் விடுத்து இச்செய்தியை அறிவித்தார். மறைந்த தோழியின் கனவு நிறைவேறியதை அம்முதியவர் அறிந்தபோது அவர் உள்ளம் எவ்வாறு உருகியிருக்கும்!

இரண்டு திங்கள் கழியுமுன் ஊர்பனும் காலமானார். விழா பல இடங்களிற் பரவாது நின்றது. பின்னர் ஐந்தாம் கிளமெந்து பாப்பரசர் அதனை மீண்டும் உறுதிசெய்ய, 1317-இல் இருபத்திரண்டாம் அருளப்பர் எங்கும் நிலைபெறச் செய்தார். அம்மையார் மறைந்து அப்போது 59 ஆண்டுகள் ஆகியிருந்தன!

நம் குடியிருப்பிலே பல சமயத்தாரும் ஒரு குடும்பமாய் வாழ்கின்றோம். கத்தோலிக்க அன்பர்கள் நற்கருணையை ஏந்திப் பவனி செல்லும் நாளில், அவ்விழாவின் தொடக்கத்தில் தாயற்ற ஒரு சிறுமி நின்றாள் என்பதை நாம் நினைவிற் கொள்வோமாக. பயனைத் தாம் காணாவிடினும் பணியைக் கைவிடாத பெரியோரே உலகை வாழ்விப்பவர். அவரைப் போற்றுதல் எச்சமயத்தார்க்கும் பொருந்தும் கடனேயாம்.