சேப்பாக்கத்தில் திறந்த அலமாரிகள்

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதனுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. சீர்காழிக்காரர், மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். வகுப்பு நிறைய மாணவர்களோடு பேசிப் பழகியவருக்கு, ஆள் நடமாட்டமில்லாத கூடத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது தாங்கவில்லை. கல்லூரிக்கே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். லண்டன் போய்ப் பயிற்சி முடித்து வாருங்கள், அப்போதும் மனம் ஒப்பவில்லை என்றால் வகுப்பறைக்கே வந்துவிடலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பிவைத்தார்கள்.

அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் நூலகராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். எங்கள் தொழிலில் இந்தக் கதை தெரியாதவர் கிடையாது. சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைச் சீக்கிரம் கடந்து, லண்டன் கடையில் அவர் பார்த்த மெக்கானோ விளையாட்டுப் பொருளுக்குத் தாவிவிடுவார்கள். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட அவர் பின்னாளில் வகுத்த கோலன் பகுப்பு முறைக்கு அது பொறி தட்டியதல்லவா! எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஆளில்லாத கூடம்தான். அன்றைய நூலகங்களில் புத்தகம் உள்ளே இருக்கும், வாசகர் வெளியே நிற்பார். சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாதவர் எதைக் கேட்பார்?

லண்டனில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் பெர்விக் சேயர்ஸ், குராய்டன் நகர நூலகங்களின் தலைவர். அவர் மூலமாக ரங்கநாதன் இங்கிலாந்தின் நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். தொழிலாளரும் பெண்களும் குழந்தைகளும் நேரே அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டுவதைக் கண்டார். 1925-இல் ஊர் திரும்பியவர் கல்லூரி வேலையைப் பற்றிப் பிறகு பேசவில்லை. பல்கலைக்கழக நூலகத்தின் அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார். புத்தகம் திருடு போகும், இடம் மாறும் என்ற பேச்சுகளை இன்றைக்கும் கேட்கிறோம். அன்றைக்குக் கேட்காமலா இருந்திருக்கும்? இருந்தும் திறந்தார். அலமாரி திறந்திருக்க வேண்டுமானால் புத்தகம் பொருள்வாரியாக நிற்க வேண்டும். ஒரு பொருளைத் தேடி வந்தவரின் கைக்கு எட்டும் தூரத்தில் அதற்கு அடுத்த பொருளும் இருக்க வேண்டும். 1933-இல் அச்சான கோலன் பகுப்பு முறையின் தேவை இங்கேதான் இருந்தது.

1928-இல் ஒரு மாலை. நூலகத் தொழிலுக்கு அடிப்படையான விதிகள் எவை என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்த ரங்கநாதனைப் பார்க்க, சென்னை கிறித்தவக் கல்லூரியில் அவருக்குக் கணிதம் கற்பித்த பேராசிரியர் எட்வர்ட் ராஸ் வந்தார். மாணவரின் தவிப்பைக் கேட்டுவிட்டு, புத்தகம் பயன்படுவதற்காக இருக்கிறது என்பதுதானே உன் முதல் விதி என்று போகிறபோக்கில் சொன்னார். மீதி நான்கும் அதிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அதே ஆண்டு டிசம்பரில் சிதம்பரம் மீனாட்சி கல்லூரியில் ஆசிரியர்கள் கூடிய இடத்தில் ஐந்தையும் பேசினார். 1931-இல் சென்னை நூலகச் சங்கம் அதைப் புத்தகமாக வெளியிட்டது. உலகம் முழுக்க நூலக மாணவர்கள் முதல் பருவத்தில் படிக்கும் விஷயம் சிதம்பரத்து மேடையில் முதலில் ஒலித்தது என்பதில் எனக்குத் தீராத பெருமை உண்டு. ஐந்தில் நான் தினமும் கைக்கொண்டது நான்காவது: வாசகரின் நேரத்தை வீணாக்காதே என்பது.

பல்கலைக்கழக நூலகம் பட்டதாரிகளோடு முடிந்துவிடக் கூடாது என்பதில் அவருக்கும் அவருடைய சங்கத்துக்கும் உறுதி இருந்தது. 1929-இல் சங்கம் நூலகர் பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. பின்னர் அதைப் பல்கலைக்கழகம் ஏற்று நடத்தியது. 1931-இல் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். 1936-இல் சேப்பாக்கத்தில் நூலகத்துக்குச் சொந்தக் கட்டடம் வந்தது. 1945-இல் ரங்கநாதன் சென்னையை விட்டுக் காசிக்குப் போனார். ஆனாலும் அவர் விடாமல் பேசிவந்த நூலகச் சட்டம், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது 1948-இல் நிறைவேறியது.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். ரங்கநாதனின் முறையில் தமிழ் இலக்கியத்துக்கு எண் ஓ31. அமெரிக்கர் டூயியின் முறையில் 894.811. அதாவது, மேற்கு ஐரோப்பாவின் முக்கிய மொழிகளுக்குத் தனித்தனி இடம் கொடுத்துவிட்டு, கடைசியில் ‘பிற இலக்கியங்கள்’ என்று ஒதுக்கிய மூலையில் புள்ளிக்குப் பின்னால் நம்முடைய இலக்கியம் முழுவதும் வருகிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது எண்ணைத்தான் புத்தகங்களின் முதுகில் ஒட்டியிருக்கின்றன. நான் பொறுப்பேற்றபோதும் அப்படித்தான் இருந்தது; ஆயிரக்கணக்கான புத்தகங்களுக்கு எண் மாற்ற ஆளும் கிடையாது, பணமும் கிடையாது.

என் காலத்து நூலகத்தின் இதயம் அட்டைப் பட்டியல். ஐந்து அங்குலம், மூன்று அங்குலத்தில் கெட்டி அட்டை. கீழே துளையிட்டு ஒரு கம்பி ஓடும், யாரும் உருவிவிடாமலிருக்க. ஒரு புத்தகத்துக்குக் குறைந்தது மூன்று அட்டை எழுதுவோம்: ஆசிரியருக்கு, தலைப்புக்கு, பொருளுக்கு. இழுப்பறையை வெளியே இழுத்து மேலிருந்து பார்த்தாலே வாசகர்களின் மனம் தெரியும். அதிகம் தேடப்பட்ட இடங்களில் அட்டையின் மேல்விளிம்பு விரல் பட்டுப் பட்டுக் கறுத்து, மழுங்கியிருக்கும். யாரும் தொடாத இடங்கள் வெள்ளைவெளேரென்று நிற்கும். அந்த வெள்ளை அட்டைகளைப் பார்த்துத்தான் நான் ‘புதிய வரவு’ பலகைக்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பேன். கல்வெட்டியல் அப்படி ஓர் இழுப்பறை. வரலாற்று மாணவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் வைத்த பிறகு அந்த அட்டைகளும் மெல்லக் கறுத்தன.

எங்களிடம் இல்லாததைத் தருவிக்கவும் வழி இருந்தது. 1952-இல் யுனெஸ்கோ உதவியோடு டெல்லியில் தொடங்கிய இன்ஸ்டாக் நிறுவனத்துக்கு எழுதினால், கேட்ட ஆய்வுக் கட்டுரையின் நகல் தபாலில் வரும். வேதியியல் ஆசிரியர்கள் அந்த உறைக்காக வழி பார்த்துக்கொண்டிருப்பார்கள். தாமதமாகும், ஆனால் வந்துவிடும்.

பிறகு கணினி வந்தது. யுனெஸ்கோ இலவசமாகக் கொடுத்த சி.டி.எஸ்./ஐசிஸ் மென்பொருளில் புத்தக விவரங்களை ஏற்றினோம். அதில் தமிழ் எழுத்துக்கு இடமில்லை. தமிழ்த் தலைப்புகளை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். திருக்குறளை ஒருவர் ‘டி’ போட்டு அடிப்பார், இன்னொருவர் ‘டி, ஹெச்’ போட்டு அடிப்பார். ‘ழ’வுக்கு ஆளுக்கு ஒரு வழி. தமிழ் இலக்கிய மாணவி ஒருத்தி சிலப்பதிகார உரை ஒன்றைத் தேடிவிட்டு, “இங்க இல்லீங்க சார்” என்று திரும்பப் போனாள். “இரும்மா” என்று நிறுத்தி அலமாரிக்கே கூட்டிப்போய் எடுத்துக் கொடுத்தேன். வேகமாகத் தேடித் தர வந்த இயந்திரம், இருக்கும் புத்தகத்தை இல்லை என்றது. அட்டையில் தமிழை நாங்கள் தமிழாகவே எழுதியிருந்தோம்! யூனிகோடும், நியூசிலாந்தில் பிறந்த கோஹா மென்பொருளும் வந்த பிறகுதான் அந்தத் தலைப்புகளுக்குத் தமிழ் எழுத்து திரும்பக் கிடைத்தது.

ஆய்வேடுகளின் கதை இதைவிடக் கனமானது. முன்பெல்லாம் முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பார்க்க வேண்டுமென்றால் துறைத்தலைவரின் கடிதம் வேண்டும், பல்கலைக்கழகத்துக்கு நேரில் போக வேண்டும், நகலெடுக்கக் கூடாது, அங்கேயே உட்கார்ந்து கையால் எழுதிக்கொள்ள வேண்டும். தருமபுரியிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ வரும் மாணவருக்குப் பேருந்துக் கட்டணமும் தங்குமிடமும் யார் கொடுப்பது? பொதுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சி பூட்டிய அலமாரியில் கிடந்தது. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆய்வேட்டின் மின்வடிவத்தைக் கட்டாயமாக்கியது. அகமதாபாத்–காந்திநகர் பக்கத்து இன்ஃப்ளிப்நெட் மையம் ‘ஷோத்கங்கா’ என்ற பொதுத் தளத்தை அமைத்தது. இன்று லட்சக்கணக்கான ஆய்வேடுகள் யாரிடமும் கடிதம் கேட்காமல் திறக்கின்றன. ரங்கநாதன் அலமாரியைத் திறந்ததற்குப் பிறகு நம் பல்கலைக்கழக நூலகங்கள் செய்த பெரிய காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் அங்கும் தமிழ் பாதி மறைந்திருக்கிறது. பழைய தமிழ் ஆய்வேடுகள் பல பாமினி போன்ற எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. திரையில் தமிழாகத் தெரியும். தேடுபொறிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். வேறு சில, பக்கத்தைப் படமெடுத்து ஏற்றியவை. அதில் ஒரு சொல்லைக்கூடத் தேட முடியாது. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-இல். அதற்கு முந்தைய காலத்தின் நாட்டுப்புறவியல், கோயிற்கலை, வட்டார வழக்கு ஆய்வுகளில் பெரும்பகுதி இந்தப் புதைகுழியில் கிடக்கிறது.

வெளிநாட்டு ஆய்விதழ்களின் சந்தா இன்னொரு மூடிய கதவு. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. நல்ல முடிவு. ஆனால் முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்கு மட்டும். என்னுடையதைப் போன்ற உதவிபெறும் கல்லூரிகளில் படிப்பவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான். அவர்களைச் சேர்க்கும்வரை நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

ஆய்வேட்டு விஷயத்துக்கு டெல்லியின் தயவு தேவையில்லை. எழுத்துருவை மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. நூலக அறிவியல் படிக்கும் மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேட்டின் தலைப்பையும் பொருளடக்கத்தையும் சுருக்கத்தையும் யூனிகோடில் அடித்து, பிழை பார்த்துப் பல்கலைக்கழக நூலகரிடம் கொடுக்கட்டும். அதையே அவர்களின் செய்முறைத் தேர்வாக வைக்கலாம். இதைத் துணைவேந்தர்களுக்குக் கடிதமாகவும் எழுதியிருக்கிறேன். எந்த ஆய்வேடுகளில் தொடங்கலாம் என்று கேட்டால், கல்வெட்டியலில் தொடங்கச் சொல்வேன்.