இருமல் மருந்துக்குள் விஷம் எப்படி வந்தது?

1/ காஞ்சிபுரம்னா உங்களுக்குப் பட்டும் கோயிலும் ஞாபகம் வரும். 2025 அக்டோபரில் நாடே பேசியது நம்ம மாவட்டத்து சுங்குவார்சத்திரத்தைப் பற்றி. அங்கே தயாரான 'கோல்ட்ரிஃப்' சிரப்பைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பக்கம் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள்.

2/ தமிழக அரசு ஆய்வகம் சோதித்த எஸ்ஆர்-13 பேட்ச்சில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6%. அனுமதி 0.1% தான்!

3/ எப்படி உள்ளே வந்தது? சிரப்பில் மருந்தைக் கரைக்க புரொப்பிலீன் கிளைக்கால் வேணும். அதில் மருந்துக்கு ஒரு தரம், தொழிற்சாலைக்கு ஒரு தரம். இங்கே வாங்கினது மருந்துத் தரமே இல்லை. இரண்டு கிளைக்காலும் நிறமில்லாத, இனிப்பான திரவம். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. டிரம் கை மாறி வரும்போது, ஒருத்தராவது டெஸ்ட் பண்ணியிருக்கணும்.

4/ புதுசா? இல்லைங்க. 1937இல் அமெரிக்காவில் இதே விஷம் 100 பேருக்கு மேல் கொன்றது. அடுத்த வருஷமே அங்கே சட்டம் மாறியது. பிறகும் 1972 சென்னை, 1986 மும்பை, 2022 காம்பியா. 88 வருஷமா அதே விஷம், அதே அலட்சியம்.

5/ நீங்க செய்ய வேண்டியது: 2 வயசுக்குள் இருமல் சிரப் வேண்டாம். சிரப் குடித்த குழந்தைக்குச் சிறுநீர் குறைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. பாட்டிலையும் எடுத்துட்டு வாங்க. அதிலுள்ள பேட்ச் எண் அடுத்த குழந்தையைக் காப்பாத்தும்.