மைக்கேல் கேய்னின் ஐந்து வேடங்கள்

ஒரு மனிதன் வாய் திறந்து நான்கு சொற்கள் பேசினாற் போதும். அவன் எத்தெருவிற் பிறந்தான், எப்பள்ளியிற் பயின்றான், அவன் தந்தை என்ன தொழில் செய்தார் என்பனவற்றைக் கேட்போர் கணித்துவிடுவர். இங்கிலாந்தில் நெடுங்காலம் நிலவிய நிலைமை இது. அங்கு உயர்ந்தோர் வழக்கு என ஒன்றிருந்தது. வானொலியும் நாடக மேடையும் அதனையே போற்றின. நடிப்புப் பள்ளிகள் மாணவரின் ஊர்ப் பேச்சை நீக்கி, அவ்வழக்கையே பயிற்றின. லண்டன் தொழிலாளர் பேசும் 'காக்னி' வழக்கோ, வெள்ளித்திரையில் வேலைக்காரனுக்கும், சிரிப்பூட்டும் சிப்பாய்க்கும், சில்லறைத் திருடனுக்குமே பெரும்பாலும் உரியதாயிற்று. அவ்வழக்கில் வளர்ந்த ஒருவர் அதனைக் கைவிடாமலே கதாநாயகராக உயர்ந்தது எங்ஙனம்? மைக்கேல் கேய்ன் ஏற்ற ஐந்து வேடங்கள் இதற்கு விடை கூறும். இரசிகர்கள் விரும்பிப் பேசும் வேடங்களும் இவையே.

பிறப்பும் வளர்ப்பும்

கேய்னின் இயற்பெயர் மாரிஸ் ஜோசப் மிக்கிள்வைட். 1933-ஆம் ஆண்டு மார்ச்சு 14-ஆம் நாள், தென்கிழக்கு லண்டனில் தேம்சு ஆற்றை ஒட்டிய ராதர்ஹைத் பகுதியிற் பிறந்தார். தந்தையார் பில்லிங்ஸ்கேட் மீன் சந்தையிற் சுமை தூக்கிய தொழிலாளி. தாயார் பிறர் இல்லங்களிற் சமையலும் துப்புரவும் செய்து குடும்பத்தைத் தாங்கியவர். இரண்டாம் உலகப் போரின்போது, குண்டு வீச்சுக்கு அஞ்சி நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளுள் இவரும் ஒருவர். உபகாரச் சம்பளம் பெற்று உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தார். பதினாறாம் வயதிற் படிப்பை விட்டார். பின்னர்க் கட்டாய இராணுவப் பணியில் கொரியப் போர்முனை வரை சென்று மீண்டார்.

சிற்றூர் நாடகக் குழுக்களில் உதவியாளராகத் தொடங்கிய அவர், 1954-ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி கேய்ன் மியூட்டினி' என்னும் படத்தின் பெயரிலிருந்து தம் மேடைப் பெயரை எடுத்துக்கொண்டார். அதன்பின் ஏறக்குறையப் பத்தாண்டுக் காலம் சின்னஞ்சிறு வேடங்களே கிட்டின.

இதற்கிடையில் நாடு மாறி வந்தது. 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், இலவச இடைநிலைக் கல்வியை எல்லார்க்கும் உரியதாக்கியது. 1956-இல் ஜான் ஆஸ்போர்னின் 'லுக் பேக் இன் ஆங்கர்' நாடகம் மேடையின் பழைய நாகரிகத்தை உலுக்கியது. 1960-இல் வந்த 'சாட்டர்டே நைட் அண்ட் சண்டே மார்னிங்' படத்தில், நாட்டிங்ஹாம் தொழிற்சாலைக் கடைசல் தொழிலாளியே கதாநாயகன். அவ்வேடத்தில் ஆல்பர்ட் பின்னி பெரும் புகழ் பெற்றார். கதவு சற்றே திறந்திருந்தது.

அதிகாரி வேடம்

அக்கதவின் வழியே கேய்ன் நுழைந்த முறை வியப்புக்குரியது. 1964-இல் வெளிவந்த 'சூலு', 1879-ஆம் ஆண்டு ஜனவரி 22, 23 ஆகிய நாள்களில் தென்னாப்பிரிக்காவின் ரார்க்ஸ் டிரிப்ட் என்னுமிடத்தில் நடந்த போரைக் கூறுவது. அதில் ஒரு காக்னி சிப்பாயின் வேடத்தை நாடிச் சென்றார் கேய்ன். அவ்வேடமோ முன்னரே வேறொருவர்க்கு அளிக்கப்பட்டிருந்தது. ஆனால் டைரக்டர் சை எண்ட்பீல்டு, உயரமும் பொன்னிற முடியும் கொண்ட இவ்விளைஞரை, உயர்குடிப் பிறந்த லெப்டினென்ட் பிராம்ஹெட் வேடத்துக்குத் தேர்ந்தெடுத்தார். எண்ட்பீல்டு ஓர் அமெரிக்கர். ஆங்கிலேய டைரக்டராயின் தமக்கு அவ்வேடம் கிட்டியிராது எனக் கேய்ன் பின்னாளிற் கூறியுள்ளார். மற்றோர் அதிகாரியாக நடித்த ஸ்டான்லி பேக்கர், வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். ஆகத் தொழிலாளர் மக்கள் இருவர், பேரரசின் படைத்தலைவர் இருவராகத் திரையில் நின்றனர்!

எனினும் இரு குறைகளைச் சொல்லியாக வேண்டும். சூலு நாட்டின்மீது முதலிற் படையெடுத்தவர் ஆங்கிலேயரே என்பதைப் படம் எடுத்துரைக்கவில்லை. மேலும், நாய் வேடமிட்டால் குரைத்தே தீர வேண்டும் அன்றோ? இவ்வேடத்தின்பொருட்டுக் கேய்ன் தம் சொந்தக் குரலை மறைக்க நேர்ந்தது.

சொந்தக் குரல்

மறைத்த குரலை அடுத்த ஆண்டே அவர் வெளிக்கொணர்ந்தார். 1965-இல் வந்த 'தி இப்கிரெஸ் பைல்' படத்தில் அவர் ஏற்ற ஹாரி பாமர் ஓர் உளவாளி. ஆனால் செல்வச் சீமானல்லன். மூக்குக் கண்ணாடி அணிந்த முன்னாள் சார்ஜென்ட். குற்றம் ஒன்றில் அகப்பட்டு, சிறையா உளவுப் பணியா என்ற நிலையில் இப்பணிக்கு வந்தவன். தானே கடைக்குச் சென்று பொருள் வாங்குகிறான், தானே சமைக்கிறான், சம்பள உயர்வை எண்ணிப் பார்க்கிறான். மேலதிகாரிகளின் சீமான் பேச்சுக்கு அவன் தரும் மறுமொழி, பணிவு போலத் தோன்றும் ஏளனம். லென் டெய்ட்டன் எழுதிய மூல நாவலில் இவனுக்குப் பெயரே இல்லை. படத்துக்காகச் சூட்டப்பட்ட அந்த எளிய பெயர் நிலைத்துவிட்டது.

1966-இல் வந்த 'ஆல்பி' இன்னும் ஒருபடி மேற்சென்றது. கதையை எழுதிய பில் நாட்டன், நெசவாளியாகவும் லாரி ஓட்டியாகவும் உழைத்தவர். ஆல்பி பெண்கள் பலரை ஏமாற்றும் தன்னலக்காரன்; தன் செயல்களுக்கான நியாயத்தைக் காண்போரை நோக்கியே பேசுபவன். அவனால் கருவுற்ற ஒருத்தி சட்டத்துக்குப் புறம்பாகக் கருக்கலைப்புச் செய்துகொள்ள, சிதைந்த சிசுவைக் கண்டு அவன் கலங்கி அழும் காட்சி மறக்கவொண்ணாதது. கருக்கலைப்பைச் சில நிபந்தனைகளுடன் அனுமதித்த சட்டம் மறு ஆண்டிலேதான் நிறைவேறியது. தொழிலாளியைக் கோமாளியாகவோ உத்தமனாகவோ காட்டிய திரை, இங்கு அவனுக்கு ஒரு மனச்சான்றையும் அளித்தது. கேய்ன் முதன்முதலாக ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது இவ்வேடத்துக்கே.

1971-ஆம் ஆண்டின் 'கெட் கார்ட்டர்' கடுமையான படம். அண்ணனின் சாவுக்குக் காரணமானவரைத் தேடி, லண்டன் முரடன் ஒருவன் பிறந்த ஊராகிய நியூகாசிலுக்குத் திரும்புகிறான். அவ்வூர்ப் பிள்ளைக்கு லண்டன் பேச்சு பொருந்தாது என்பது நியாயமான குறையே. ஆனால் வரிசை வீடுகளையும், நிலக்கரிக் கழிவு கொட்டிக் கறுத்த கடற்கரையையும் இப்படம் பதிவு செய்து வைத்துள்ளது. இதில் இடம் பெற்ற கேட்ஸ்ஹெட் அடுக்குமாடி வாகன நிறுத்தகம் 2010-இல் இடிக்கப்பட்டது. மறைந்துபோன ஒரு தொழில் நகரத்தை இன்று காண விழைவோர்க்கு இப்படம் ஓர் ஆவணமாகும்.

ஆசிரியர் வேடம்

ஆசிரியர்கள் தவறாது காணத்தக்கது, 1983-இல் வந்த 'எஜுகேட்டிங் ரீட்டா'. முடி திருத்தும் நிலையத்திற் பணிபுரியும் ரீட்டா என்னும் இளம்பெண், திறந்தநிலைப் பல்கலைக்கழக மாணவியாக இலக்கியம் கற்க வருகிறாள். கதாசிரியர் வில்லி ரசல் அத்தொழிலைத் தாமே செய்தவர். அவளுக்குக் கற்பிக்கும் குடிகாரப் பேராசிரியர் பிராங்க் வேடத்தைக் கேய்ன் ஏற்றார். மாணவி தேர்ச்சியடைகிறாள், தேர்ச்சியடைய அடையத் தன் ஊர்ப் பேச்சை விட்டு உயர்ந்தோர் வழக்கில் பேச முயல்கிறாள். அதனைக் கேட்ட ஆசிரியர் மகிழவில்லை, மனம் நோகிறார். தாம் அவளுக்கு எதைக் கொடுத்தோம், எதைப் பறித்தோம் என்ற ஐயம் அவரை வாட்டுகிறது. தம் பேச்சை விடாது உயர்ந்த ஒருவரே இவ்வேடத்தை ஏற்றதனால் அவ்வையம் நம்பத்தக்கதாகிறது. ஆனால் ரீட்டாவோ கல்வியை வெறுத்து ஒதுக்கவில்லை. இனித் தன் வழியைத் தானே தெரிந்தெடுக்கும் ஆற்றலைப் பெற்றதே தன் பேறு என உணர்கிறாள். ஒருவரின் பேச்சை இழிவென்று கருதாமலே அவருக்கு உயர்கல்வி அளிக்க முடியுமா என்பதே படம் எழுப்பும் வினா.

ஏணி எங்கே?

1986, 1999 ஆகிய ஆண்டுகளின் படங்களுக்காக இருமுறை துணை நடிகருக்கான ஆஸ்கார் பரிசைக் கேய்ன் பெற்றார். 2000-ஆம் ஆண்டில் 'சர்' பட்டம் கிடைத்தபோது, மகனின் புகழைக் காணாது மறைந்த தந்தையை நினைந்து, மாரிஸ் மிக்கிள்வைட் என்ற பிறப்புப் பெயரிலேயே அதனை ஏற்றார். 2023-இல் நடிப்பிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தார்.

தனி மனிதரின் திறமையும் விடாமுயற்சியும் மட்டுமே இவ்வுயர்வுக்குக் காரணம் என்று கருதுதல் முழு உண்மையாகாது. உபகாரச் சம்பளம், சிற்றூர் நாடகக் குழு, தொழிலாளர் வாழ்வை எழுத முன்வந்த ஆசிரியர்கள் ஆகிய படிகளும் அவருக்கு வாய்த்தன. ரீட்டாவாக நடித்த ஜூலி வால்டர்ஸ் அரசாங்க உதவித்தொகையில் நடிப்புப் பயின்றவர். அத்தகைய உதவி இல்லாத இந்நாளில் தம்மைப் போன்ற ஏழைப் பிள்ளைகள் அத்துறைக்கு வருதல் அரிது என அவர் வெளிப்படையாக வருந்தியுள்ளார். மீன் சுமந்தவர் மகன் ஏறிய ஏணியை அடுத்த தலைமுறைக்கும் நிறுத்தி வைப்பது கல்வியாளர் கடமையாகும்.