சுல்தான் கொடுத்த வழி

மத்தியதரைக் கடலில் உல்லாசக் கப்பல் ஏறியவர்களுக்கு ரோட்ஸும் மால்ட்டாவும் வெயில் காய ஏற்ற இரண்டு தீவுகள், அவ்வளவுதான். எனக்கோ அவ்விரண்டுக்கும் இடையே ஒரு முழு நாவலே விரிந்து கிடந்தது.

ரோட்ஸில் கல் பாவிய ‘வீரர் வீதி’யில் நடந்தேன். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கே ஆண்டவர்கள் புனித ஜான் சங்கத்து வீரத் துறவிகள். முஸ்லிம் கப்பல்களைக் கொள்ளையிடுவதையும் தெய்வத் தொண்டாகக் கருதிய விசித்திரத் துறவிகள்! 1522-இல் சுல்தான் சுலைமான் தாமே பெரும்படையுடன் வந்து இறங்கினார். ஆறு மாத முற்றுகை. கோட்டை இனித் தாங்காது என்ற நிலையில், ஆயுதங்களுடன் கௌரவமாக வெளியேற அவர்களுக்கு வழி விட்டார். 1523 ஜனவரி முதல் நாள் அவர்கள் கப்பலேறினார்கள்.

ஏழாண்டு அலைந்தபின், 1530-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் மால்ட்டாவைக் கொடுத்தார். குத்தகை, ஆண்டுக்கு ஒரு வல்லூறு! 1565-இல் சுலைமான் அங்கும் படை அனுப்பினார். எதிர்த்து நின்ற தலைவர் லா வாலெட், ரோட்ஸில் உயிரோடு விடப்பட்டவர்களில் ஒருவர். ஏறக்குறைய நான்கு மாதம் போராடித் துருக்கியப் படை தோற்றுத் திரும்பியது. மறு ஆண்டு அவர் அடிக்கல் நாட்டிய நகரமே வாலெட்டா.

அன்றே அவர்களைத் தீர்த்துக் கட்டியிருக்க வேண்டும் என்பார்கள், ராஜதந்திரம் பேசுகிறவர்கள். நான் ஒப்பமாட்டேன். கோட்டைக்குள் துறவிகள் மட்டுமா இருந்தார்கள்? கிரேக்கக் குடிமக்களும் இருந்தார்கள். அவர்களுக்கு அந்த உடன்படிக்கை ஐந்தாண்டு வரிவிலக்கும், விரும்பினால் மூன்றாண்டுக்குள் ஊரைவிட்டுப் போகும் உரிமையும் வாக்களித்தது.