தானியம் நடந்து போன பாதை: அமெரிக்க மாட்டிறைச்சியும் மக்காச்சோளமும்

வெட்டுக்கு அனுப்பும் முன் நான்கு முதல் ஆறு மாதங்கள் மாட்டுக்குத் தானியம் ஊட்டுவது அமெரிக்காவில் இன்று பொது வழக்கம். புல்வெளியில் மேய்ந்து வளர்ந்த இளமாடுகளை டெக்சஸ், கேன்சஸ், நெப்ராஸ்கா மாநிலங்களின் பெரும்பட்டிகளில் அடைத்து அடர்தீவனம் கொடுக்கிறார்கள். இறைச்சியின் சுவைக்காகவே இது என்பது வழக்கமான விளக்கம். வரலாற்று வரிசை வேறு: முதலில் தானியம் மிஞ்சியது, மிஞ்சியதைக் காசாக்க மாடு தேவைப்பட்டது, சுவை பற்றிய பேச்சு அதன்பின் வலுத்தது.

1805இல் ஒஹாயோவின் சயோட்டோ பள்ளத்தாக்கிலிருந்து ஜார்ஜ் ரெனிக் என்ற பண்ணையாளர், மக்காச்சோளம் தின்று கொழுத்த மாடுகளை அலெகேனி மலைகளைத் தாண்டி பால்டிமோர் சந்தைக்கு ஓட்டிச் சென்றார். பள்ளத்தாக்கில் தானியத்துக்குக் குறைவில்லை. மூட்டை கட்டி மலையேற்றினால் வண்டிச்சத்தத்துக்கே விலை போதாது. மாட்டின் உடம்பில் ஏற்றிய தானியமோ தன் காலாலேயே சந்தைக்கு நடந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இதே கணக்கு பேரளவில் திரும்பியது. வீரிய ஒட்டு விதை, நைட்ரஜன் உரம், ஓகலாலா நிலத்தடி நீரை இறைக்கும் பம்புகள் ஆகிய மூன்றும் சேர்ந்து சமவெளியில் தானியத்தைக் குவித்தன. டெக்சஸின் வடமேற்கில் பட்டிகள் பெருகியபோது அவற்றுக்குத் தீனியானது பெரும்பாலும் நாம் சோளம் என்றே சொல்லும் பயிரின் குட்டை ரகங்கள்.

அப்படியானால் சுவை? அமெரிக்க வேளாண் துறை 1927இல் இறைச்சித் தர முத்திரையைத் தொடங்கியது. அதற்காக முன்னின்று வாதாடியவர்களில் தானியமூட்டி உயர்ரக மாடு வளர்த்தவர்கள் முக்கியமானவர்கள். தசைக்குள் வெள்ளை இழையாக ஓடும் கொழுப்பு தரத்தின் அடையாளமாயிற்று. அந்த இழையை விரைவாகத் தருவது மாவுச்சத்து. அளவுகோலும் அளக்கப்படும் பொருளும் ஒரே வீட்டில் பிறந்தன என்று சொன்னால் மிகையாகாது. கொழுப்பிழை இறைச்சியை மென்மையாக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அர்ஜென்டினாவின் பம்பாஸ் வெளியில் மேய்ந்த மாட்டின் இறைச்சியைப் பிரிட்டன் பல பதிற்றாண்டுகள் விரும்பியே வாங்கிற்று.

இந்த ஏற்பாட்டின் விலையை முதலில் கொடுப்பது மாட்டின் பெருவயிறு. நாரைச் சிதைக்கும் நுண்ணுயிரிகளுக்கான இடம் அது. மாவுச்சத்து ஒரேயடியாக இறங்கினால் லாக்டிக் அமிலம் பெருகும், வயிற்றுச் சுவர் புண்ணாகும், அங்கிருந்து கிருமிகள் இரத்தத்தின் வழியே கல்லீரலை அடைந்து சீழ்க்கட்டிகளை உண்டாக்கும். மாட்டுப் பொங்கலன்று ஆசையாக அள்ளி ஊட்டிய பொங்கலால் வயிறு உப்பிச் சாய்ந்த பசுவைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாம் ஒருநாள் தவறிச் செய்வதைப் பட்டி மூன்று வாரம் படிப்படியாகப் பழக்கிச் செய்கிறது; தீவனத்தில் 1975இல் அனுமதி பெற்ற மொனென்சின், சீழ்க்கட்டியைத் தடுக்க டைலோசின் என்று மருந்துகளும் கலக்கிறது. மாட்டின் இயல்புக்குப் பொருந்தும் தீவனமென்றால் இவ்வளவு காவல் எதற்கு?

எதிர்வாதம் ஒன்று கனமானது. தானியம் தின்னும் மாடு சீக்கிரம் எடை கூடுகிறது, குறைந்த நாளே வாழ்கிறது, அதனால் ஒரு கிலோ இறைச்சிக்கு வெளியேறும் மீத்தேன் குறைகிறது. இது உண்மை. ஆயினும் பட்டியில் ஒரு கிலோ எடை ஏற ஏறத்தாழ ஆறு கிலோ உலர்தீவனம் செல்கிறது. அதை விளைவிக்கும் உரத்தையும், ஊறுவதைவிட வேகமாக இறைக்கப்படும் ஓகலாலா நீரையும் மீத்தேன் கணக்கு மட்டும் காட்டாது.

2005, 2007ஆம் ஆண்டுகளின் எரிபொருள் சட்டங்களுக்குப் பின் மக்காச்சோளத்தின் பெரும்பங்கு எத்தனால் ஆலைகளுக்குத் திரும்பியது. ஆலைகள் மாவுச்சத்தை எடுத்துக்கொண்டு மிச்சச் சக்கையை விற்றன. பட்டிகள் தீவனக் கலவையை மாற்றி அதை வாங்கிக்கொண்டன. அந்த மாற்றத்தை எந்த உண்பவரின் நாக்கும் கேட்டிருக்கவில்லை.