தேய்ந்த காலணா சொல்லும் வரலாறு

ஈப்போவுக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது கோப்பெங். ஈயத்தால் எழுந்து ரப்பரால் விரிந்த ஊர் அது. அதைச் சூழ்ந்த தோட்டங்களில் உழைத்த தமிழ்க் குடும்பங்களின் பழைய தகரப்பெட்டிகளில், பிறப்புப் பத்திரங்களோடு சில வட்டக் காசுகளும் கிடப்பதுண்டு. மாணவன் ஒருவன் அத்தகைய காசொன்றை என்னிடம் கொணர்ந்து, "பாட்டியின் பெட்டியில் இருந்தது ஐயா, நல்ல விலை போகுமா?" என்று வினவினான். அந்தோ! முதல் நாளே அதைப் புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி விட்டிருந்தான்.

விலையைப் பின்னர்ப் பார்ப்போம். முதலில் அது யாது என அறிய வேண்டுமன்றோ? அளவால் மட்டும் முடிவு செய்தல் தகாது. இங்கிலாந்தின் அரைப் பென்னியும் இந்தியக் காலணாவும் குறுக்களவில் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் முன்னது 5.67 கிராம் எடையுள்ளது. பின்னது ஐந்தாம் ஜார்ஜ் காலத்தில் ஏறத்தாழ 4.86 கிராமே. மாணவனின் காசை நிறுத்தோம். காலணாவின் எடைக்கே நெருங்கி நின்றது.

அடுத்து முகம். காலணாவில் விக்டோரியாவின் பெயர் 1876 வரை அரசி என்றும், 1877 முதல் பேரரசி என்றும் பொறிக்கப்பட்டது. ஏழாம் எட்வர்டு முடியின்றி வலப்புறம் நோக்குவார். ஐந்தாம் ஜார்ஜ் முடி சூடி இடப்புறம் நோக்குவார். தேய்மானம் மேடான இடங்களையே முதலில் விழுங்கும். ஆகவே மன்னரின் முகம் மழுங்கினாலும், மறுபுறத்து ஆண்டு எஞ்சியிருக்கக்கூடும். காசைச் சாய்த்துப் பிடித்துப் பக்கவாட்டு ஒளியில் நோக்கினோம். 1920 என்னும் ஆண்டு புலப்பட்டது. ஐந்தாம் ஜார்ஜ் காலத்துக் காலணா அது.

இனி விலை. கோடிக்கணக்கில் அச்சிடப்பட்ட காசு, அதுவும் தேய்ந்தது. சேகரிப்போர் இதற்குத் தருவது மிகச் சிறு தொகையே. புளியின் அமிலம் செம்பின் இயல்பான மேற்பூச்சை அரித்துவிடுவதால், அச்சிறு தொகையும் குறையும். பழங்காசை விளக்காதீர்கள் என்பதே மாணவர்க்கு நாம் கூறவேண்டிய முதற்பாடம்.

ஆயின், அங்காடியின் விலை வேறு. வரலாற்றின் மதிப்பு வேறு. 1906இல் நீரிணைக் குடியேற்ற வெள்ளி இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என நிலைநிறுத்தப்பட்டது. பேராக்கிலும் அவ்வெள்ளியே வழங்கிற்று. 1927இல் இந்திய ரூபாய் ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என வரையறுக்கப்பட்டது. ஒரு ரூபாய்க்கு 64 காலணா. கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு காலணாவும் மலாயாவின் ஒரு காசும் ஏறத்தாழச் சமமாகின்றன! மதிப்பு ஒன்றாயினும் வடிவம் வேறு. 1919 முதல் இங்கு வெளிவந்த ஒரு காசு சதுரம். ஊரிலிருந்து வந்ததோ வட்டம்.

1920களின் பிற்பகுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் வரையறுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பால்மரம் சீவிய ஒரு நாள் உழைப்பு, ஊர்க் கணக்கில் ஆணுக்குப் பன்னிரண்டரை அணா, பெண்ணுக்குப் பத்தணா. இத்தேய்ந்த காசைக் கையில் ஏந்துங்கால் அக்கணக்கும் நம் கைக்கு வருகின்றது.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் தேவை. 1920 என்பது காசு பிறந்த ஆண்டே ஒழியப் பாட்டி கப்பலேறிய ஆண்டன்று. அவ்வாண்டுக்கு முன் இக்காசு இங்கு வந்திருக்க இயலாது என்பதொன்றே அது மெய்ப்பிப்பது. எஞ்சியதைப் பாட்டியின் வாய்மொழியே கூறவேண்டும்.

"காசை விற்காதே, பாட்டியிடம் சென்று கேட்டு எழுதி வா" என்று அம்மாணவனை அனுப்பினேன். மறுவாரம் இரண்டு பக்கம் எழுதி வந்தான். அணாக் கணக்கு 1957 ஏப்ரல் முதல் நாள் இந்தியாவில் முடிவுற்றது. காசின் செலாவணி முடிந்ததேயன்றிச் சான்று முடியவில்லை. ஆசிரியப் பெருமக்களே, நும் வகுப்பு மாணவரின் வீட்டுப் பெட்டிகளைத் திறக்கச் செய்யுங்கள். காசு காத்திருக்கும்; அதன் கதையறிந்த முதியோர் நெடுநாள் காத்திரார்.