சொந்தக் காசில் கப்பலேறியவர்கள்

மலாயாத் தமிழர் வரலாறு என்றாலே நமக்குக் கங்காணியும் பால்மரமும்தான். நம் நாவல்களும் பெரும்பாலும் தோட்டத்துக்குள்ளேயே சுற்றுகின்றன. ஆனால் நாகப்பட்டினத்தில் கப்பலேறி போர்ட் சுவெட்டன்ஹாமில் (இன்றைய போர்ட் கிள்ளான்) இறங்கியவர்களில் இன்னொரு கூட்டமும் உண்டு. முடிதிருத்துபவர், சலவைக்காரர், பொற்கொல்லர், மளிகைக்கடை போட வந்தவர். 1926-இல் கட்டிய ரஜூலா கப்பலின் டெக்கில் சொந்தக் காசில் இடம் பிடித்தவர்கள். இன்றைய பேச்சில் சொன்னால் ஃப்ரீலான்சர்கள்.

இவர்களைப் பற்றிப் படிக்கப் போனால் கிடைப்பது கொஞ்சம்தான். 1922-ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தை எடுத்துப் பார்த்தால் காரணம் கொஞ்சம் பிடிபடும். கடல் கடக்கிற எல்லாரும் அதன் கண்ணில் குடிபெயர்பவர் கிடையாது. கூலி வேலைக்கு ஒப்பந்தம் போட்டிருக்கணும், அல்லது உறவினர் அல்லாத ஒருவர் உதவி செய்து வேலைக்கு அனுப்பியிருக்கணும். சவரக்கத்தியைப் பெட்டியில் வைத்து, மச்சான் கொடுத்த கடனில், தானாகவே ஒரு கடை போடலாம் என்று புறப்பட்டவர் சட்டப்படி வெறும் பயணி. முதலாளி இருந்தால்தான் அரசாங்கத்துக்கு ஆள் தெரியும்போல.

அதில் ஒரு வசதியும் இருந்ததை மறுக்க முடியாது. 1938-இல் உதவி பெற்றுத் தோட்ட வேலைக்குப் போவதை இந்தியா நிறுத்தியபோது, கடை வைக்கப் போனவருக்கு அந்தத் தடை பொருந்தவில்லை. அந்தக் கதவை மலாயாதான் பிறகு சாத்தியது. 1953 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த குடிநுழைவுச் சட்டம், வணிகத்தையும் தொழிலையும் வளர்ப்பவர், உள்ளூரில் கிடைக்காத திறமை உள்ளவர், இங்கே இருப்பவரின் குடும்பம் என்று ஆட்களை வகை பிரித்தது. கத்தரிக்கோல் எந்த வகை?

இப்போது 2022-க்கு வருவோம். மலேசியா 'டிஇ ரந்தாவ்' நோமேட் பாஸைத் தொடங்கியது. (பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போவதை மலாய்க்காரர்கள் 'மெரந்தாவ்' என்பார்கள். நல்ல பெயர்தான்.) வெளிநாட்டுத் தொழில்நுட்ப ஃப்ரீலான்சர் ஆண்டுக்கு 24,000 அமெரிக்க டாலருக்கு மேல் சம்பாதித்தால் முதலாளி இல்லாமலேயே இங்கே தங்கலாம், குடும்பத்தையும் கூட்டி வரலாம். என்னோடு பொறியியல் படித்தவர்கள் கூடுகிற மாமாக் கடையில் பாதிப் பேச்சு இந்த மாதிரி விசாக்களைப் பற்றித்தான், என்ன, எங்களுக்கு வேண்டியது வேறு நாட்டினுடையது.

அதே மேசையிலிருந்து பார்த்தால் பிரிக்பீல்ட்ஸ் முடிதிருத்தும் கடை தெரியும். முடிதிருத்தகம், நகைத்தொழில், ஜவுளி மூன்றுக்கும் வெளிநாட்டு ஆள் எடுப்பது 2009 முதல் முடங்கிக் கிடந்தது. திரும்பத் திறப்பதாக அரசாங்கம் அறிவித்தது 2023-இல். கிள்ளான் நகைக்கடைக்காரர்களுக்கும் அது பெரிய செய்தி. ஆனால் பெர்மிட் முதலாளி பெயரில்தான் வரும். குடும்பத்தைக் கூட்டி வர அனுமதி இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வரும் கைத்தொழில்காரர் இங்கே சொந்தமாகக் கடை போடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை; ரஜூலா டெக்கில் வந்தவருக்கு அது ஒன்றுதான் நோக்கமாக இருந்தது.